ஒரே நுகத்தடியில ரெண்டு பேட்டரி

எங்க மாமா லாரில ரெண்டு வருஷத்துல மூணு பேட்டரி செத்துச்சு. மூணும் ஒரே இடத்து பேட்டரி. சேஸிஸ் (வண்டியோட அடி இரும்புச் சட்டம்) ஓரமா ஒரு தகரப் பெட்டி தொங்கும்ல, அதுல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரி உக்காந்திருக்கும். பின்னாடி இருக்கறது மட்டும் எட்டு மாசத்துல போச்சு, புதுசு போட்டாரு, அது ஒம்பது மாசம், அடுத்தது ஏழு மாசம். முன்னாடி இருக்கறதுக்கு சாவே இல்ல, ஆனா ஊத்த ஊத்த தண்ணி குடிக்குது, க்ளீனர் பையன் வாரா வாரம் டிஸ்டில்டு வாட்டர் கேனும் கையுமா நிப்பான். மாமா ஒவ்வொரு தடவையும் பேட்டரி கடைக்கு போய் சண்டை போட்டுட்டு வருவாரு, கடைக்காரர் கடைசியா "பேட்டரில ஒண்ணும் இல்ல சார், வண்டிய பாருங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அந்த கோவத்துல தான் எனக்கு போன் வந்துச்சு, "டேய் மாப்ள, நீ கரண்டு தான படிச்ச? வந்து பாரு".

நான் ஈஇஇ, அதாவது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிச்சது உண்மை தான். நாலு வருஷம் படிச்சுட்டு இப்ப ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில சாஃப்ட்வேர் சப்போர்ட் பாக்குறேன், மல்டிமீட்டர் கடைசியா கையில புடிச்சது லேப் எக்ஸாம்ல. இருந்தாலும் மாமாகிட்ட முடியாதுன்னு சொல்ல முடியுமா, ஞாயித்துக்கிழமை காலைல மாதவரம் போனேன்.

வண்டி 1998 மாடல் லேலண்ட். 1948ல அசோக் மோட்டார்ஸ்னு ஆஸ்டின் கார் பூட்ட ஆரம்பிச்ச கம்பெனி 1955ல அசோக் லேலண்ட் ஆச்சுன்னு எண்ணூர் பக்கத்துக்காரங்க எல்லாரும் சொல்லுவாங்க, மாமா அதை சொந்த தாத்தா கதை மாதிரியே சொல்லுவாரு. இப்ப அந்த வண்டி செங்குன்றம் மில்லுல இருந்து சிட்டிக்குள்ள அரிசி மூட்டை அடிக்குது, அவ்ளோ தான் அதோட உலகம். நான் போனப்ப செல்ஃப் எடுக்கல. சாவிய திருப்புனா டக டக டகன்னு சத்தம்.

இந்த சத்தத்தை பத்தி முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா பாதி கண்டுபிடிப்பு இதுலயே இருக்கு. இன்ஜின முதல்ல சுத்தி விடுற செல்ஃப் மோட்டர் தலைல சொலினாய்டுன்னு ஒண்ணு இருக்கு, சாவிய திருப்புனதும் அது பிஸ்டன் மாதிரி உள்ள இழுத்து, பெரிய கான்டாக்ட்ட மூடும், அப்ப தான் மோட்டருக்கு கரண்ட் போகும். வேகமா டக டக டகன்னு அடிச்சா என்ன அர்த்தம்னா, சொலினாய்டு இழுக்குது, மோட்டர் கரண்ட் கேக்குது, கேட்ட உடனே வோல்ட்டேஜ் படுத்துடுது, சொலினாய்டு விட்டுடுது, விட்டதும் வோல்ட்டேஜ் எழுந்திரிக்குது, மறுபடி இழுக்குது. அதாவது கரண்ட் கொஞ்சம் இருக்கு, ஆனா பாரம் தாங்கல. பேட்டரி வீக், இல்லன்னா நடுவுல எங்கயோ கனெக்‌ஷன் சரியில்ல. ஒரே ஒரு டக் மட்டும் அடிச்சு அமைதியாயிட்டா கதை வேற, அங்க சொலினாய்டு கான்டாக்ட் தேஞ்சிருக்கும், இல்ல மோட்டர் கார்பன் போயிருக்கும். ஒண்ணுமே கேக்கலன்னா சாவி வயர்ல இருந்து தேடணும். டிரைவருங்க இந்த வித்தியாசத்தை காதாலயே சொல்லிடுவாங்க, நமக்கு தான் புக்கு வேணும்.

லாரிக்கு ஏன் 24 வோல்ட், காருக்கு ஏன் 12ன்னு மாமா கேட்டாரு. கணக்கு சுலபம் தான். செல்ஃப் மோட்டர் ஒரு 4 கிலோவாட்னு வச்சுக்குவோம், 12 வோல்ட்ல அதுக்கு 330 ஆம்பியர் பக்கம் வேணும், 24 வோல்ட்ல பாதி போதும், 167. கேபிள்ல சூடா வீணாப் போறது கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும், அதனால கரண்ட் பாதியானா அதே கேபிள்ல நஷ்டம் கால்வாசி தான். நின்ன இடத்துல இருந்து அந்த பெரிய டீசல் இன்ஜின பிரட்டுற முதல் நொடில கரண்ட் இதைவிட ரொம்ப மேல போகும், அப்ப இந்த வித்தியாசம் உயிர்.

ஆனா 24 வோல்ட்ல ஒரே பேட்டரியா செஞ்சா அதை நாலு பேரு தூக்கணும். அதனால ரெண்டு 12 வோல்ட் பேட்டரிய வரிசையா கட்டுறாங்க, ஒண்ணோட பிளஸ்ல இருந்து இன்னொண்ணோட மைனஸுக்கு ஒரு குட்டை கேபிள். மிச்சம் இருக்கற மைனஸ் சேஸிஸுக்கு (இதை தான் எர்த்னு சொல்றோம்), மிச்சம் இருக்கற பிளஸ் செல்ஃபுக்கு. மாமா இத்தன வருஷமா 150 ஆம்பியர் அவர் (எவ்ளோ கரண்ட எத்தனை மணி நேரம் குடுக்கும்ங்கற அளவு) பேட்டரி ரெண்டு போட்டா 300ன்னு நெனச்சுட்டு இருந்திருக்காரு. இல்ல மாமா, வரிசைல கட்டுனா வோல்ட் கூடும், ஆம்பியர் அவர் அப்படியே 150 தான், பிளஸ்ஸோட பிளஸ் மைனஸோட மைனஸ் கட்டுனா தான் ஆம்பியர் அவர் கூடும், ஆனா அப்ப 12 வோல்ட் தான் வரும்னு சொன்னேன். "அப்ப ரெண்டு பேட்டரிக்கு காசு குடுத்து ஒரு பேட்டரி தான் கெடச்சுதா"ன்னு மொறச்சாரு. அது அப்படி இல்ல, எப்படி கட்டுனாலும் ரெண்டுலயும் சேர்ந்து இருக்கற மொத்த சக்தி மாறாது, ஆனா அதை சொல்லாம விட்டுட்டேன்.

மீட்டர் வச்சேன். ரெண்டும் சேர்த்து 24.7 வோல்ட். எனக்கு ஏமாற்றம், ஏன்னா முழு சார்ஜ்ல ஒரு செல் 2.1, ஆறு செல் 12.6, ரெண்டு பேட்டரி 25.2, அதுக்கு 24.7 ஒண்ணும் மோசம் இல்லையே. முந்தின நாள் வண்டி பாத்த லோக்கல் ஆளும் இதையே வச்சு பேட்டரி நல்லாருக்குன்னு சொல்லிட்டு போயிருக்கான். அப்புறம் தான் தனித்தனியா வச்சேன். முன்னாடி பேட்டரி 12.7. பின்னாடி பேட்டரி 12.0. ஹைட்ரோமீட்டர்ல (ஆசிட் அடர்த்திய காட்டுற குழாய், சார்ஜ் குறைஞ்சா அதுவும் குறையும்) ஆசிட் இழுத்து பாத்தா முன்னாடி 1.27, பின்னாடி 1.16. அதாவது ஒண்ணு வயிறு முட்ட தின்னுட்டு இருக்கு, இன்னொண்ணு கால் வயிறு. சேர்த்து பாத்தா சராசரில ரெண்டும் நல்லா சாப்பிட்ட மாதிரி தெரியுது.

பக்கத்து வண்டில இருந்து ஜம்பர் போட்டு ஸ்டார்ட் பண்ணோம் (அதுவும் 24 வோல்ட் லாரி, கார் பேட்டரிய கொண்டாந்து இதுல மாட்டாதீங்க). இன்ஜின் ஓடுறப்ப மொத்தம் 28.2. நல்ல சார்ஜிங், டைனமோ மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா தனியா பாத்தா முன்னாடி 15.4, பின்னாடி 12.8. 15.4ல ஆசிட் கொதிக்கும்ங்க. தண்ணி ஏன் குடிச்சுதுன்னு அங்கயே தெரிஞ்சு போச்சு, அது குடிக்கல, ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா பிரிஞ்சு மூடி ஓட்டை வழியா பறந்துட்டு இருந்துச்சு. அந்த பெட்டி பக்கத்துல உக்காந்து தான் க்ளீனர் பையன் பீடி பத்த வைப்பான், அதை நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

சரி, ஏன் இப்படி? எனக்கு அங்க மண்டை ஓடல. மாமா புதுப்பேட்டைல இருந்து ஒரு பாய கூட்டிட்டு வந்தாரு, லாரி கரண்ட் வேலைல முப்பது வருஷம். பாய் மீட்டரே தொடல. பெட்டிய திறந்து பாத்தாரு, நடு கேபிள் போல்ட்டுல ஒரு மெல்லிசு சிவப்பு வயர் சுத்தி இருந்துச்சு, அதை விரல்ல புடிச்சு "இது எங்க தம்பி போவுது?"ன்னாரு. அந்த வயர் சேஸிஸ் மேல ஊர்ந்து, கேபினுக்குள்ள ஏறி, டாப்புல இருக்கற பாட்டு செட்டுக்கு போய் சேந்துச்சு. செட்டு 12 வோல்ட்டு. கூடவே ரெண்டு மொபைல் சார்ஜர், ஒரு குட்டி ஃபேன், கண்ணாடில ஓடுற கலர் லைட்டு.

"ஜோடி மாடு கட்டிகீறீங்கோ, ஒத்த மாட்டுக்கு மட்டும் தீனி போட்டா வண்டி இன்னாத்துக்கு ஓடும்?"னு பாய் சிரிச்சாரு. நான் நாலு வருஷம் படிச்சது எல்லாம் அந்த ஒரு வரிக்குள்ள இருந்துச்சு.

விவரமா சொல்லணும்னா இப்படி. டைனமோ அனுப்புற சார்ஜிங் கரண்ட் ரெண்டு பேட்டரிக்குள்ளயும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா போகுது, ரெண்டுக்கும் ஒரே அளவு கரண்ட். ஆனா நடுவுல இருந்து 12 வோல்ட் எடுத்தா, முன்னாடி பேட்டரி முழுசா வாங்கிக்குது, நடு முடிச்சுக்கு வந்ததும் செட்டு ஒரு 5 ஆம்பியர் புடுங்கிடுது, மிச்சம் தான் சேஸிஸோட கட்டியிருக்கற பின்னாடி பேட்டரிக்கு. வண்டி நிக்குறப்ப இன்னும் மோசம், பாட்டுக்கும் ஃபேனுக்கும் அந்த பின்னாடி பேட்டரி ஒண்ணு மட்டும் தான் படியளக்குது, ராத்திரி எட்டு மணி நேரம் ஓடுச்சுன்னா 40 ஆம்பியர் அவர் காலி. காலைல டைனமோ ரெகுலேட்டர் என்ன பாக்குது? மொத்தம் 28 வந்துச்சா, போதும்னு நிறுத்திடுது. அது தனித்தனியா பாக்காது. காலி பேட்டரி 12.8லயே நின்னா மிச்சம் 15.4 எல்லாம் இன்னொண்ணு தலைல. ஒண்ணு பட்டினில தகடு சல்ஃபேட் புடிச்சு சாகுது, இன்னொண்ணு அஜீரணத்துல கொதிக்குது. இது மாமாவுக்கு மட்டும் வந்த வியாதி இல்ல, நம்ம ஊர்ல நிறைய பழைய லாரில நடு போல்ட்டுல இப்படி ஒரு வயர் இருக்கும், போய் பாருங்க.

இதுல இன்னொரு தப்பும் சேர்ந்துருச்சு. செத்தது ஒண்ணுன்னு ஒண்ண மட்டும் மாத்துனது. பழசு ஒண்ணு புதுசு ஒண்ணு வரிசைல இருந்தா அதுங்க ஒரே அளவுல சார்ஜ் ஏறாது, இறங்காது. பல்லு போன மாட்டோட கன்னுக்குட்டிய ஒரே நுகத்தடில பூட்டுன மாதிரி. ஜோடியா, ஒரே கம்பெனி, ஒரே அளவு, முடிஞ்சா ஒரே மாசத்துல தயாரிச்சதா மாத்தணும். காசு கஷ்டம் தான், மாமாவுக்கும் கஷ்டமா இருந்துச்சு, ஆனா மூணு ஒத்த பேட்டரிக்கு அவரு குடுத்த காச கூட்டி பாத்தா ஒண்ணரை ஜோடி வந்திருக்கும்.

கூட ரெண்டு நாள் லீவு போட்டேன், ஏன்னா பாய் அத்தோட விடல. "செல்ஃபு அடிக்க சொல்லோ இந்த ஸ்டாப் கேபிள தொடு"ன்னாரு. பழைய டீசல் வண்டிங்கள்ல இன்ஜின நிறுத்த டாஷ்போர்டுல ஒரு குமிழ் இழுப்போம்ல, அதோட கேபிள். தொட்டேன், சூடு! மேல இருக்கற பிளாஸ்டிக் உறையே உருகி இருந்துச்சு. மாமா அது இன்ஜின் சூடுன்னு ரெண்டு வருஷமா நெனச்சுட்டு இருந்திருக்காரு.

நடந்தது என்னன்னா, செல்ஃபுக்கு போன கரண்ட் திரும்பி வரணும்ல. போற வழிய எல்லாரும் பாக்குறோம், தடியா சிவப்பு கேபிள், நல்லா தெரியும். திரும்புற வழி இன்ஜின் பிளாக்ல இருந்து சேஸிஸுக்கு ஒரு பின்னல் பட்டை, சேஸிஸ்ல இருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு கேபிள், அவ்ளோ தான். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டுல உக்காந்திருக்கு, ரப்பர் வழியா கரண்ட் போகாது. அந்த பட்டை துருப்பிடிச்சு பாதி அறுந்துட்டா கரண்ட் சும்மா இருக்குமா, கெடச்ச வழில எல்லாம் ஓடும், ஸ்டாப் கேபிள், கியர் ராடு, ஸ்பீடோமீட்டர் கேபிள். செல்ஃப் அடிக்கிறப்ப இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸ் தலைக்கும் நடுவுல மீட்டர் வச்சேன், 1.8 வோல்ட். அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 300 ஆம்பியர் ஓடுச்சுன்னா 540 வாட்டு, ஒரு சின்ன அயர்ன் பாக்ஸ் அளவு சூடு அந்த துருவுல. பட்டைய கழட்டுனா, அதுக்கு கீழ சேஸிஸ்ல பெயின்ட்டு! ரெண்டு வருஷம் முன்னாடி எஃப்சிக்கு (ஆர்டிஓ ஃபிட்னஸ் சர்டிபிகேட்) பெயின்ட் அடிச்சப்ப எர்த் பட்டையோட சேர்த்து அடிச்சு பூட்டி இருக்காங்க. தேய்ச்சு இரும்பு பளபளன்னு தெரிஞ்சப்புறம், புது பட்டை போட்டு, 70 ஸ்கொயர் எம்எம் கேபிள், அதோட முனைல மாட்டுற லக்க சுத்தியலால தட்டாம கிரிம்பிங் டூல்ல நசுக்கி, இறுக்கி, அதுக்கு அப்புறம் மேல கிரீஸ். கிரீஸ் முதல்ல இல்ல, இறுக்குன பின்னாடி தான். 0.3க்கு வந்துச்சு. செல்ஃப் அடிச்ச சத்தத்துல பக்கத்து டீக்கடைக்காரர் திரும்பி பாத்தாரு.

இந்த வண்டிக்கு இன்னொரு சாபம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்ப மணலி பக்கம் தண்ணில ரெண்டு நாள் நின்னுச்சு. பேட்டரி கேபிள வெட்டி பாத்தா வெளிய ரப்பர் புதுசு மாதிரி இருக்கு, உள்ள செம்பு கருப்பா பொடிப்பொடியா, பச்சை களிம்பு. எண்ணூர் கடல் காத்துக்கே செம்பு தாங்காது, இதுல முழுக்காட்டுன வயர் எத்தனை நாளுக்கு? வெளியில பாத்து கேபிள் நல்லாருக்குன்னு சொல்றவங்கள நம்பாதீங்க, வளைச்சு பாருங்க, மொறமொறன்னு சத்தம் வந்தா மாத்திடுங்க.

பின்னாடி லைட்டும் இதே எர்த் கதை தான். இன்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் கூடவே மங்கலா மின்னும். பசங்க அதை டிசைன்னு நெனச்சுட்டாங்க. டெயில் லாம்ப் எர்த் துருப்பிடிச்சா இன்டிகேட்டர் கரண்ட் தரைக்கு போக முடியாம, பக்கத்து பல்ப் கம்பிக்குள்ள பின்வழியா நுழைஞ்சு, அந்த வயர்ல போய், வேற எங்கயோ எர்த் தேடிக்கும். ஃபியூஸ் மாத்துனாலும் பல்ப் மாத்துனாலும் போகாது. ஒரு எர்த் வயர் தனியா இழுத்தோம், பத்து நிமிஷம்.

டைனமோ விஷயத்துல மட்டும் பாய்கிட்ட எனக்கு சண்டை. நாம எல்லாரும் டைனமோன்னு சொல்றோம், இதுல இருக்கறது ஆல்டர்நேட்டர். நெஜ டைனமோ, தனியா கட்அவுட் பெட்டியோட வர்றது, அது இன்னும் பழைய வண்டிங்களுக்கு. அந்த காலத்து மெக்கானிக்குங்க சார்ஜ் ஆகுதான்னு பாக்க வண்டி ஓடுறப்பவே பேட்டரி டெர்மினல கழட்டுவாங்க, இன்ஜின் நிக்கலன்னா சார்ஜிங் ஓகேன்னு சொல்லுவாங்க. பாயும் கைய கொண்டு போனாரு, நான் புடிச்சுட்டேன். ஆல்டர்நேட்டர்ல அப்படி கழட்டுனா வோல்ட்டேஜ் ஒரே தாவு தாவி டயோடும் ரெகுலேட்டரும் போயிடும். அதோட மெக்கானிக்கல் பம்ப் இருக்கற டீசல் இன்ஜினுக்கு ஓடுறப்ப கரண்டே தேவை இல்ல, பேட்டரிய தூக்கி ரோட்ல போட்டாலும் ஓடும், அப்ப அந்த டெஸ்ட்டுக்கு அர்த்தமே இல்ல. பாய் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "படிச்ச புள்ள, சொன்னா சரியா தான் இருக்கும்"னு சொல்லி டீ வாங்கி குடுத்தாரு. சேஸிஸ்ல வெல்டிங் வைக்குறப்பவும் இதே தான், மைனஸ் கழட்டாம ராட் வச்சா டயோடு போகும். எப்பவும் மைனஸ் முதல்ல கழட்டணும், கடைசில மாட்டணும், ஏன்னா பிளஸ் கழட்டுறப்ப ஸ்பேனர் சேஸிஸ்ல பட்டாலும் அப்ப ஒண்ணும் ஆகாது.

அப்புறம் டாஷ்போர்டுல சார்ஜிங் லைட்டுன்னு ஒரு சின்ன சிவப்பு பல்ப் இருக்கே, அது வெறும் பொட்டு இல்ல. நிறைய ஆல்டர்நேட்டர்ல அந்த பல்ப் வழியா போற சின்ன கரண்ட் தான் முதல்ல காந்தத்தை எழுப்பி விடுது. பல்ப் ஃபியூஸ் ஆனா சார்ஜிங்கே ஆரம்பிக்காம போகலாம். பல்ப் ஃபியூஸ் ஆனது தெரியாம ஆல்டர்நேட்டர கழட்டி கடைக்கு குடுத்து காசு அழுதவங்க இருக்காங்க. சாவி ஆன் பண்ணதும் எரியணும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணையணும்.

வயர் கலர் பத்தி எழுத வேண்டாம்னு பாத்தேன், ஆனா வயித்தெரிச்சல். இங்கிலீஷ்காரன் முறைல கருப்பு எர்த், பழுப்பு பேட்டரில இருந்து நேரா வர்றது, வெள்ளை சாவி ஆன் ஆனா வர்றது, பச்சை ஃபியூஸ் தாண்டி வர்றது, நீலம் ஹெட்லைட்டு, அழகா ஒரு பாஷை. மாமா வண்டில இருபத்தஞ்சு வருஷத்துல எத்தனை கை பட்டுச்சோ, ஹெட்லைட்டுக்கு பச்சை, எர்த்துக்கு சிவப்பு, ஒரு இடத்துல வீட்டு டியூப்லைட் வயர் மேல பிளாஸ்டர் சுத்தி. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள். ஒரு முழு நாள், டெஸ்ட் லாம்ப் வச்சு ஒவ்வொண்ணா தேடி, துணி டேப்ல பேர் எழுதி ஒட்டுனேன். இப்ப அந்த வண்டில யாரு கை வச்சாலும் படிச்சு பாத்து வைக்கலாம்.

பாட்டு செட்டுக்கு ஜிபி ரோட்ல ஒரு 24க்கு 12 கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுனோம், ரெண்டு பேட்டரில இருந்தும் சமமா எடுத்து 12 ஆக்கி குடுக்கும். நடு போல்ட்டு சிவப்பு வயர க்ளீனர் பையன் கையாலயே வெட்ட வச்சேன். புது ஜோடி போட்டு பத்து மாசம் ஆச்சு, போன வாரம் வச்சு பாத்தேன், ஓடுறப்ப 14.1, 14.0. தண்ணி இன்னும் ஒரு கேன் கூட தீரல.

நேத்து மாமா போன் பண்ணாரு. "மாப்ள, பாட்டுக்குள்ள ஒரு கீச்சு சத்தம்டா, ஆக்சிலரேட்டர் குடுக்க குடுக்க அதுவும் ஏறுது, கன்வெர்ட்டர் போச்சா?" எனக்கு கேட்டதுமே தெரிஞ்சுது. செட்டோட எர்த்தை எங்க குடுத்திருக்கீங்கன்னு கேட்டேன். கேபின் தகரத்துல, ஒரு திருகாணில, பையன் புதுசா பெயின்ட் அடிச்சு அது மேல முடுக்கி வச்சிருக்கானாம்.